பிரம்புக் கூடுகளுக்கு ஒரு விலை

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறுவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. தாம்பரம் ஆபீசில் ஏ.சி. ஓடியது, ஸ்தோத்திரம்.

சரக்கு அனுப்பும் கம்பெனியில் இன்டர்ன்ஷிப், மூன்றாவது வாரம். இன்றிலிருந்து கடல் சரக்குக்கு விலை போடும் மேசையில் வேலை. சொல்லித்தருவது விக்னேஷ், என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர். காலையில் மேடம் என்றார், மதியத்துக்குள் அக்கா ஆகிவிட்டேன்.

கற்றது: ஒரு கன்டெய்னரை நிரப்ப முடியாதவர்களின் சரக்கையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஏற்றுவோம். எடை, அடைக்கிற இடம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. பஞ்சு மூட்டைக்கு இரும்பைவிட அதிகம் ஆகலாம். ரொம்பப் பிடித்தது.

கேஸ் புக் பண்ண மறந்தாச்சு.

8, செவ்வாய்
முதல் விலை, நானே போட்டது. முடிச்சூர் செல்வி அக்காவுக்கு. விளக்குக்கு மேல் மாட்டும் பிரம்புக் கூடு பின்னுகிறவர். முதல் வெளிநாட்டு ஆர்டர், ஜெர்மனியில் ஹாம்பர்க். போனில் விலையைச் சொன்னேன்.

"இன்னாமா, கூட்டோட விலையைவிட கப்பல் விலை ஜாஸ்தியா கீது? ஆர்டரே வேணாம்னு சொல்லிடட்டா?"

ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

9, புதன்
விக்னேஷிடம் கேட்டுக்கொண்டு மதியம் பஸ்ஸில் முடிச்சூர். செல்வி அக்காவின் முன்னறை முழுக்க அட்டைப்பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு கூடு. நசுங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், வெறும் காற்று.

கூடுகள் பெரிது, நடு, சின்னது என மூன்று அளவு. ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் என்ன என்று கேட்டேன். தரையில் உட்கார்ந்து, நடுவே காகிதம் கொடுத்து வைத்துப் பார்த்தோம். அசையாமல் நின்றன. அளந்தால் முன்பு அடைத்ததில் பாதி இடம்கூட ஆகவில்லை. போட்டோ எடுத்து ஹாம்பர்க்குக்கு அனுப்பச் சொன்னேன், அவர்கள் சம்மதிக்க வேண்டுமே.

விரலில் பிரம்புச் சிராய். வீட்டுக்கு வந்ததும் கணவர் தாவீது ஊசியால் எடுத்துவிட்டார். என்னைவிட அவர்தான் அதிகம் முகம் சுளித்தார்.

10, வியாழன்
ஹாம்பர்க் சம்மதம். புது விலை போட்டுக் காட்டினேன். சரக்கு சுருங்கினால் நம் வருமானமும் சுருங்கும் என்று விக்னேஷ் தயங்கினார்.

"மேனேஜர் கேப்பாருக்கா."

"ஆர்டரே போகலைன்னா அதுவும் வராதேப்பா."

சிரித்தார். அனுப்பச் சொன்னார். ஆனால் ஒன்று: துறைமுகக் கிடங்கில் அவர்கள் அளப்பதுதான் கணக்கு. பெட்டி புடைத்திருந்தால் விலை ஏறும். இதைச் செல்வி அக்காவிடமும் மறைக்காமல் சொன்னேன். சரி, அனுப்பலாம் என்றார்.

13, ஞாயிறு
சர்ச் கொயரில் பாடும்போது ஒரு வரியை விட்டுவிட்டேன். மனசெல்லாம் பெட்டிகள். நாளை லாரி. மகள் ரூத் முன்வரிசையிலிருந்து பார்த்துச் சிரித்தாள். மதியம் மட்டன், கொஞ்சம் உப்பு தூக்கல்.

15, செவ்வாய்
நல்ல மழை. ரயில் லேட்.

பதினொரு மணி போல் கிடங்கிலிருந்து அளவு வந்தது. விக்னேஷ் திரையை என் பக்கம் திருப்பினார். நான் போட்டதைவிடத் துளி குறைவு. எழுந்து போய்த் தனியாக ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு செல்வி அக்காவுக்குப் போன். விலை ஏறவில்லை, சரக்கு இந்த வாரக் கப்பலில் ஏறுகிறது என்றேன். விலையை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"சாப்ட்டியாமா?" என்றார்.