இன்னும் பதினெட்டு நிமிடம்

குவைத்

அன்புள்ள அப்பாவுக்கு, பெர்சிஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருக்குமே, லாட்ஜ் வாசலில் காவலுக்குச் சாரலில் நனைந்துகொண்டா நிற்கிறீர்கள்? நெஞ்சுவலி எப்படி இருக்கிறது?

ஆன்லைனில் படிக்கிற தத்துவப் பாடத்தில் முதல் தேர்வு பாஸ். இருபதுக்குப் பதினேழு. நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொண்ட பெரியவர் தேர்வு எழுதிய அன்றுதான் இறந்தார். எண்பத்தாறு வயது. ஏஜென்ட் வேலைக்கு வேறு வீடு பார்த்துத் தருவார், கவலைப்படாதீர்கள்.

தேர்வில் கேமராவை விட்டு எழுந்தால் ரத்து. இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கையில், அடுத்த அறையில் அவர் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினார். டீக்கும் தட்டுவார், டிவி சேனல் மாற்றவும் தட்டுவார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அடுத்தவர் வலியை நம்மால் அறிய முடியுமா என்பது கேள்வி. முடியாது என்று மூன்று பக்கம் எழுதினேன்.

முடித்துவிட்டுப் போனபோது ஸ்பூன் தரையில் கிடந்தது. தூக்கத்தில் போயிருப்பார் என்று அவர் மகன் என்னைத் தேற்றினார். தட்டியதை நான் சொல்லவில்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை. செங்கோட்டை பிரின்ஸ் அண்ணன் லீவில் வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். திரும்பும்போது கொஞ்சம் சுக்கும், என் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள்.

எப்போது கேட்டாலும் "ஒண்ணுமில்லட்டி, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறீர்கள். இனி அப்படிச் சொல்லாதீர்கள் அப்பா. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லாமல் புரிந்துகொள்கிற மகள் இல்லை நான்.

அண்ணன் கடிதத்துக்காகக் கிளம்பி நிற்கிறார்.

பெர்சிஸ்