ஏழாம் கழுவல்

குருநகர்
06.02.2024

அன்பு மருமகள் உதயகலாவுக்கு,

உன் ஆய்வுக்கான மூன்றாம் பைக் கடற்பாசி கழுவும்போது நின்றவர்கள்: நான், உன் மாமா சூசைதாசன், பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் அக்கா. வேறு ஒருவருமில்லை. பச்சையாய் நாலு கிலோ, நிழலில் காய்ந்து அறுநூறு கிராம். நீ சொன்னபடி ஆறு தரம் நல்ல தண்ணீரில் கழுவிக் கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை.

"வலையிலை வந்தா உதறி எறியிற சாதாழைப் பாசி, புண்ணிலை வாற கிருமியைக் கொல்லுமாமோ?" என்று அக்கா கேட்டா. "வெள்ளிக் கரைசலுக்குள்ளை உதின்ரை சாறு விட்டா, கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் வரும். அதுதான் கொல்லுறது" என்று நீ விளங்கப்படுத்தினதை ஒப்புவித்தேன். மாமா, "உவள் இனிச் சமைக்கமாட்டாள், கம்பசுக்குத்தான் போவாள்" என்றார்.

ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பார்.

மாமி றெஜினா

கண்டி
19.02.2024

அன்புள்ள மாமி,

போனில் கதைத்தால் நீங்கள் கழுவல் கணக்கு எழுதுகிற கொப்பியில் ஒட்ட ஏலாது என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். முதல் இரண்டு பைகளிலும் சாறு விட்டதும் கரைசல் மண்ணிறமானது. துகள் வந்ததற்கு அதுதான் அடையாளம். மூன்றாம் பையில் மூன்று முறையும் பால் திரைந்ததுபோல் வெள்ளையாய் அடியில் படிந்துவிட்டது. உப்புச் சேர்ந்தால் அப்படி வரும். மார்ச் எட்டுக்குள் திரும்பச் செய்து காட்டாவிட்டால் ஆய்வை நிறுத்தக் கம்பசில் சொல்லிவிட்டார்கள். உங்களைப்போல் இங்கே ஒருவரும் கழுவுவதில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. கொப்பியைப் பார்த்துச் சொல்வீர்களா?

உதயகலா

குருநகர்
27.02.2024

மகள் உதயகலா,

கொப்பியில் பிழையில்லை. எழுதாமல் விட்டதில்தான் பிழை. ஆறு கழுவலும் முடிந்தபின், உன் வேலை சரிவர வேண்டுமென்று எங்கள் வேதக்கோயில் தீர்த்தம் ஒரு போத்தலைப் பாசியில் ஊற்றினேன். மிஞ்சின பாசியை ஊறவைத்து நாக்கில் வைத்தேன். உப்பு. சுவாமியார் உப்புப் போட்டல்லவா தீர்த்தம் மந்திரிக்கிறவர். பூசை தவறாத எனக்கு அது நினைவு வரவில்லை. அவரிடம் சொன்னேன். "ஆண்டவர் உங்கடை மன்றாட்டைக் கேப்பார், றெஜினா. வெள்ளிக்கு அது உப்புத்தானே" என்று சிரித்தார்.

நீ திருநீறு பூசுகிற பிள்ளை. உன்னைக் கேளாமல் ஊற்றினேன். என் மகன் றொகானுக்கும் உனக்கும் நடந்த கலியாணத்துக்கு வராமல் நின்ற நான் இப்படிச் செய்தால், எங்கள் வேதத்துக்கு உன்னை இழுக்கப் பார்க்கிறேன் என்று நீ நினைக்கலாம். சத்தியமாய் இல்லை.

நான் சொல்லாததை ஒரு குடுவையைப் பார்த்தே உப்பென்று பிடித்துவிட்டாயே. அதை மாமாவுக்கும் அக்காவுக்கும் எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது.

நாலாம் பை இதோடு பஸ்ஸில் வருகிறது. ஆறு கழுவல் மட்டும். செபத்தை வீட்டிலேயே சொல்லி முடித்துவிட்டேன், பைக்குள் ஒன்றும் போடவில்லை.

கோபமென்றாலும் கெதியாய்ப் பதில் எழுது.

மாமி றெஜினா