மின்சாரம் போனால் தெளிகிற கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்
மருத்துவமனைப் பரிசோதனை அறைக்கு எங்கள் கம்பெனி செய்யும் முன்பக்கக் கண்ணாடி தயார். இரண்டு தகடுகளுக்கு நடுவே, மின்சாரத்தால் தெளிந்தும் வெளுத்தும் மாறுகிற படலம் வைத்து ஒட்டியதில் ஒரு குமிழி கிடையாது. ஆனாலும் வயிறு எரிகிறது. நான் கேட்டது, மின்சாரம் இல்லாதபோது பால்போல் வெளுத்து மறைக்கிற ரகம். மேலாளர் போடச் சொன்னது நேர் எதிர்: மின்சாரம் இருந்தால்தான் மறைக்கும்.

"ரூம் பாதி நேரம் காலியாத்தானே கிடக்கும்? கரண்ட் மிச்சம்மா."

கரண்ட் போனால்?

"ஆஸ்பத்திரியில போகாது."

மாமனார் வீட்டு மின்நிலையம் போலிருக்கிறது.

மார்ச் 5
தரச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன்?

மார்ச் 19, புதன்
ஆஸ்பத்திரியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் பிடிக்க நாற்பது வினாடி. உள்ளே ஒரு பெண் மேலாடையில்லாமல் படுத்திருந்தாள். வெளியே வரிசையில் பதினோரு பேர். நர்ஸ் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தி, குறுக்கே நின்றுகொண்டாளாம். நாற்பது வரை எண்ணிப் பார்த்தேன். முடியவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 20
மேலாளர் கூப்பிட்டார். "நர்ஸ் சுவிட்சை மாத்தி அமுக்கிட்டாங்கன்னு ஒரு அறிக்கை எழுதிக் குடு."

அந்த நர்ஸை ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை.

"அவங்க வேலை போயிடும் சார்."

"அப்ப நம்ம கம்பெனி பேரு போகலாமா?"

என்ன மனுஷன் இவன். பேரு பெரிசாம், பேரு.

மார்ச் 23, ஞாயிறு
எழுதிக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர், "உன் கையெழுத்தும்தானே அதுல இருக்கு, வாயை மூடிக்கிட்டு இரேன்" என்கிறார். இருக்கிறது. அதுதான் அறுக்கிறது. மேலாளர்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல்தான்.

மார்ச் 24
அந்தக் கண்ணாடியின் மாதிரித் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி விசாரணைக்குப் போனேன். மேசையில் நிறுத்தி ஒயரைச் செருகினேன். வெளுத்தது. "யாரும் சுவிட்சைத் தொடல, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கினேன். அந்தப் பக்கம் மேலாளர் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"இப்படித்தான் ஆகும்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது நான். நர்ஸ் மேல தப்பு இல்ல."

மாதிரித் துண்டை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்
காலை பதினொரு மணிக்கு நர்ஸிடமிருந்து போன்.

"டூட்டில சேர்ந்துட்டேன்க்கா. அந்தக் கண்ணாடியை எடுத்துட்டு சுவரே வெச்சுட்டாங்க. நீங்க ஷிப்ட்ல இருப்பீங்களே, அப்புறமா பேசட்டுமா?"

"இனிமே ஷிப்ட் இல்லம்மா, வீட்டுலதான் இருக்கேன். பேசு," என்றேன்.