கட்டில் உயரும்போது

ஜூன் 3, செவ்வாய்

காலையில் தம்பிக்கு முகம் துடைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்தேன். “அக்கா, ஜன்னல்” என்பதுவரை பேசினான். கணினித் திரை நீலமாகி, பிறகு கறுத்துப் போனது. ஜன்னலைத் திறக்கவா, மூடவா? திறந்தேன், மூடினேன். இரண்டுக்கும் அவன் கண் மேலே போனது. மேலே என்றால் இல்லை.

கை, கால், நாக்கு எல்லாம் ஓய்ந்தபின் அவனிடம் மிச்சமிருப்பது கண். திரைக்குக் கீழுள்ள கேமரா, அவன் பார்க்கும் எழுத்தைப் படிக்கும். கணினி அதை அவன் குரலிலேயே சொல்லும். தொண்டை அடைபடும் முன் அவனே பதிந்துவைத்த குரல். அது அணைந்தால் இந்த வீட்டில் பேசுவது நான் ஒருத்திதான்.

ஜூன் 4, புதன்

கணினியைப் போடுகிறேன், எழுகிறது. எழுந்ததும் விழுகிறது. மறுபடி போடுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

டாக்டரம்மா வந்தார். தம்பிக்கு மூச்சு ரொம்பவே குறைந்துவிட்டதாம். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் இயந்திரம் மூச்சுவிடும். வேண்டாமென்றால் கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்வார்கள். எது என்பதைத் தம்பிதான் சொல்ல வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கேட்பாராம்.

கணினி படுத்துகிறது, எழுத்து அட்டையைக் காட்டி நானே கேட்டுச் சொல்லட்டுமா என்றேன்.

“பாதி வார்த்தையிலேயே நீங்க முடிச்சு வச்சிடுவீங்க. இதை அவரே முழுசா சொல்லணும்” என்றார்.

கோபம் வந்தது.

வெளியூரிலிருக்கும் அண்ணனுக்கு போன் செய்தேன். கணினி ஓடாவிட்டால் தான் கையெழுத்துப் போடுவதாகவும், குழாய் வைத்துவிடலாம் என்றும் சொன்னார். எனக்கும் அதுதானே ஆசை? பிறகு ஏன் சரி என்று சொல்லாமல் போனை வைத்தேன்?

ஜூன் 7, சனி

கணினியை மட்டும் கழற்றிக் கடைக்குத் தூக்கிப்போனேன். பழுதுபார்ப்பவர் தன் மேசையில் ஏதோ படத்தை ஓடவிட்டார். மத்தியானம் முழுக்க அது அசரவில்லை. “இதுல ஒரு குறையும் இல்லையே மேடம்,” என்றார், நான் பொய் சொன்ன மாதிரி.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். தம்பியை நிமிர்த்தி உட்காரவைத்தேன். போயிற்று.

ஜூன் 9, திங்கள்

திரும்பவும் கடை. விசிறியைத் துடைத்தார், நினைவகத்தை மாற்றினார். வீட்டில் அதே கதை. போனில் கேட்டதற்கு, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். குரல் என்ன ஆகும்? அந்த மென்பொருள் குரலை எங்கே வைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. காப்பாற்றப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார்.

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என்ன பண்ணப்போறேன்? குரலே போயிட்டா அப்புறம் எதை வச்சுப் பேசுவான்?

ஜூன் 10, செவ்வாய்

தம்பியே ஏதோ சொல்ல வேண்டும் என்று எழுத்து அட்டையைப் பார்த்தான். விரலை நகர்த்திக்கொண்டே போய், அவன் கண்ணை மூடிய எழுத்தில் நிறுத்தினேன். க. ட். டி. “கட்டிலா? படுக்கணுமா?” கண்ணை மூடித் திறந்து உடனே மேலே பார்த்தான். ஆமாம், இல்லை – இரண்டும் சேர்த்து. களைத்துவிட்டான் என்று கட்டிலை இறக்கினேன்.

சாயங்காலமும் கட்டில். இறக்கினேன். பிறகும் கட்டில். இறக்கியாச்சேடா, இன்னும் எங்க இறக்கறது என்று கத்திவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடியேதான் இருந்தான்.

சமையலறையில் நின்று அழுதேன். இதைத்தான் டாக்டரம்மா சொன்னார்.

ஜூன் 11, புதன்

அட்டையை எடுத்துக்கொண்டு போய், நீ முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று அவனிடம் சொன்னேன். கட்டில். நான் பேசவில்லை. ஏ. றி. னா. உதட்டைக் கடித்துக்கொண்டேன். வ. ய. ர்.

கட்டில் ஏறினா வயர்.

குனிந்து பார்த்தேன். கேமராவிலிருந்து கணினிக்குப் போகும் வயர் கட்டிலின் மடிப்பு வழியாகத் தொங்குகிறது. தலைப்பக்கம் உயரும்போதெல்லாம் இரும்பு அதைக் கடிக்கிறது. தோல் உரிந்து உள்ளே செம்பு தெரிந்தது. வயரைக் கழற்றிவிட்டு, கட்டிலை உயர்த்தி, கணினியைப் போட்டேன். அணையவே இல்லை.

கடையில் கேமராவும் இல்லை, கட்டிலும் இல்லை. எப்படித் தெரியும்? நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடந்தவன் இவன்தான்.

மன்னிச்சுக்கோடா என்றேன். கண்ணை மூடித் திறந்தான்.

ஜூன் 12, வியாழன்

பழுதுபார்ப்பவர் வீட்டுக்கே வந்து வேறு வயர் போட்டு, கட்டிலைத் தொடாமல் சுவரோடு கட்டிவிட்டுப் போனார். தம்பியின் முதல் வார்த்தை: “அப்பாடா.”

ஜூன் 13, வெள்ளி

அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு வழியையும் தம்பியிடம் நிதானமாக விளக்கினார். பிறகு கேட்டார்.

திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. குழாய். இடைவெளி. வே.

அங்கேயே நின்றது. அண்ணன் என் கையைப் பிடித்தார். அடுத்து ‘ண’ வந்தது. வேணும், வேண்டாம் இரண்டுக்கும் அதே எழுத்துதான். தம்பி கண்ணை மூடி இளைப்பாறினான். என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

பிறகு அவன் குரல்.

“குழாய் வேணும். ஆனா நான் போதும்னு சொன்னா எடுத்துடணும். அண்ணன் சொல்லி இல்ல, அக்கா சொல்லி இல்ல. நான் சொல்லி.”

டாக்டரம்மா வேறு விதமாக மாற்றிக் கேட்டார். அதையேதான் சொன்னான்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் மாடிப்படியில் நின்றார். நான் ஆசைப்பட்டது கிடைத்தது. அதோடு கூட வந்ததையும் வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

இயந்திரம் ஒரே சீராக மூச்சுவிடுகிறது. அந்தச் சத்தம் இப்போதெல்லாம் காதில் விழுவதில்லை.

காலையில் தம்பி ஏதோ எழுத ஆரம்பித்தான். நான் திரையைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெகுநேரம் ஆனது. வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது.

“அக்கா, உன் காப்பி ஆறுது. குடி.”