மிர்த்தா இன்று கடலுக்குப் போகிறாள்

டூலியோ,

உன்னை எழுப்ப மனசு வரல. நம்ம மிர்த்தாவோட எட்டு மணிக்கே கிளம்பறேன். பாஸ்தா ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்க. வெளிய போனா சாவியைக் கீழ்வீட்டு லியாகிட்ட குடு.

நாங்க போறது கிழக்கு மணல்கரைக்கு. உங்கப்பா உனக்கு நீச்சல் பழக்கின பாறைக்கடலுக்கு இல்ல. போன வருஷம் அங்கதான், நீ அவளைக் கூட்டிட்டுப் போனப்ப, அலை அவளை இழுத்துட்டுப் போய், யாரோ காப்பாத்திக் கொண்டு வந்தாங்க. "என்னைக் குத்திக் காட்டத்தானே வேற கடற்கரை தேடறே?"ன்னு நேத்து கத்தினே. அதுக்காக இல்ல. மணல்கரைல தண்ணி சுத்தம்னு நீலக் கொடி குடுத்திருக்காங்க. கொஞ்ச தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் ஆழம். காவலுக்கு ஆள் உண்டான்னு போன் போட்டே கேட்டுட்டேன்.

துண்டு காயப்போட்டிருக்கேன், மழை வந்தா எடு.

ஓர்னெல்லா

இன்னொண்ணு. செருப்பு மாட்டும்போது மிர்த்தா சொன்னா: "அம்மா, அன்னிக்கு அப்பா என் கைய விடல. சிப்பி எடுக்க நான்தான் உருவிட்டு ஓடினேன். சொன்னா திட்டுவீங்கன்னு பயந்தேன்."

ஒரு வருஷமா நானும் உன் தப்புன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. நீ வந்து கையப் பிடிச்சாத்தான் தண்ணில இறங்குவாளாம்.