பாலத்தின் மேல் சாம்பல் காய்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று எழுதினால் நம்பமாட்டேன். மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று மட்டும் எழுது.

போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். நான் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்கிறேன் என்றபோது, "சின்னப் பசங்களுக்கா?" என்று கேட்டாய். மழுப்பிவிட்டேன். அது நம் ஊரில் நடந்த சண்டை அக்கா. நீ பதினொரு வயதில் பார்த்தது. நான் கைக்குழந்தையாக உன் மடியில் கிடந்தபோது நடந்தது. படபடவென்று சுடுகிற ஆட்டம் இல்லை. சதுரங்கம் மாதிரி, ஊர் வரைபடத்தில் நம் படையை நீ நகர்த்த வேண்டும், அப்புறம் எதிரியின் முறை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

என்னோடு வேலை செய்கிற கூட்டாளியும் நானும் தெருக்களை எல்லாம் போட்டுவிட்டோம். நாம் ஒளிந்திருந்த நிலவறை மட்டும் எங்கே என்று தெரியவில்லை. உன்னை விட்டால் நான் யாரைக் கேட்பேன்?

உன் தம்பி


பிப்ரவரி 17

பிரியமுள்ள தம்பிக்கு,

மூட்டு அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, வலி எங்கே போகும்? உன் கடிதத்தை மத்தியானம் படித்துவிட்டு ஒரு லென்ஸைத் தப்பாகத் தேய்த்து, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீடு கட்டுகிற விளையாட்டு, மீன் பிடிக்கிற விளையாட்டு என்று உலகத்தில் எத்தனையோ இருக்கிறதாம். உனக்கு இதுதானா கிடைத்தது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறாய்.

சரி, கேட்டுவிட்டாய். ஆற்றங்கரைத் தெருவில் நம் கட்டிடம் பாலத்துக்குக் கிட்டத்தான். நிலவறை ஜன்னல் தரையோடு இருக்கும்; தெருவில் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். அம்மா அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்குப் போனவள், திரும்பவில்லை. "போய்க் கூட்டிட்டு வந்துடறேன், தம்பிய அழவிடாத" என்று சொல்லிவிட்டு அப்பா போனார். ஆஸ்பத்திரி ஆட்கள், நோயாளிகள், நம் அப்பா அம்மா எல்லாரும் பாலத்தின் மேல் வந்துகொண்டிருக்கும்போதே நம் படைக் கேப்டன் அதை வெடிவைத்துத் தகர்த்தான். எதிரி பின்னாலேயே வந்தானாம். ஒரு நிமிஷம் பொறுக்கக்கூடாதா? அதற்கு அவனுக்கு மெடல் வேறு குத்தினார்கள். அவன் விளங்காமல் போகட்டும் என்று சபிக்காமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை. உனக்கு ஊட்டிவிடும்போதுகூட மனசுக்குள் அதுதான் ஓடும்.

அவனை உன் விளையாட்டில் வீரனாக்கிவிடாதே. எனக்கு அது போதும்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. இங்கே எதுவும் சரியில்லை.

பாலத்தில் வருகிற ஜனங்களைச் சாம்பல் நிறக் காய்களாக வைத்தேன். ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் அவை வழியை அடைக்கின்றன, எடுத்துவிடு என்றார்கள். கூட்டாளியும், "எடுத்துடலாம்டா, வெறும் காய்தானே" என்றான். சட்டையைப் பிடித்துவிட்டேன். அன்றைக்குப் போனவன் போனவன்தான்.

இப்போது நான் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறேன். விற்பதற்கு இல்லை. பாலத்தை உடைக்காமலே ஊரைக் காப்பாற்ற ஒரு வழி இருந்ததா என்று பார்க்கிறேன். எப்படி ஆடினாலும் தோற்றுப்போகிறேன். ஒரு தடவை ஜனங்களில் பாதிப்பேர் கரையேறும்வரை தாக்குப்பிடித்தேன். எதிரியின் அடுத்த முறையிலேயே அவன் டாங்கிகள் பாலத்தில் ஏறி ஊருக்குள் வந்துவிட்டன. கண்ணை மூடினாலும் அந்த வரைபடம்தான் தெரிகிறது. வழி இருந்தது என்றால் அந்தக் கேப்டன் கொலைகாரன். இல்லையென்றால் நான் யாரை வெறுப்பது? அப்பா அம்மா முகம்கூட எனக்குத் தெரியாது. இதையாவது தெரிந்துகொள்கிறேனே.

சதுரங்கத்தில் நீ என்னை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விட்டதில்லை. என் கண்ணில் படாதது உன் கண்ணில் படும். பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை ஆடிப் பார். நீயும் கைவிட்டால் எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நீ அனுப்பியதைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். உன் கடைசி வரி கையைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் மகள் அவள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்து, எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று காட்டினாள். அப்புறம் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

நன்றாகத்தான் செய்திருக்கிறாய். தபால் ஆபீஸ் முன்னால் கவிழ்ந்து கிடந்த டிராம் வண்டியைக்கூட விடவில்லை. ஊருக்குள் இருந்த படையை முழுக்கப் பாலத்துக்கு இழுத்தேன். சாம்பல் காய்கள் கிளம்பின. ஒரு முறைக்கு ஒரு கட்டம்தான் நகர்கின்றன. "வாங்க, சீக்கிரம் வாங்க" என்று நான் வாய்விட்டுச் சொன்னேனாம். வெளியே நின்ற பெண் அப்புறம் சொன்னாள். அதற்குள் அக்கரையில் டாங்கிகள் வந்துவிட்டன. இன்னும் ஒரு முறை விட்டால் பாலம் அவர்களுடையது. அதைத் தாண்டினால் முதலில் நம் தெரு.

நிலவறையின் மேல் நீ எந்தக் குறியும் போடவில்லை. இருந்தாலும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமே. பாலுக்கு அழுது அழுது ஓய்ந்துபோன நீ இருக்கிறாய்.

வெடிவைக்கிற பொத்தானை அழுத்திவிட்டேன் தம்பி. காய்கள் பாலத்தின் மேல் இருக்கும்போதே, யோசிக்கக்கூட இல்லை. ஊர் பிழைத்தது என்று திரையில் வந்தது.

வழி இருந்ததா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. நான் தேடவே இல்லை.

அந்தக் கேப்டன் மேல் இருந்த ஆத்திரத்தை ஊன்றிக்கொண்டுதான் இத்தனை வருஷம் எழுந்து நடந்தேன். உன்னை வளர்த்ததும் அதை வைத்துத்தான். அன்றைக்குப் படுக்கும்போது வழக்கம்போல அவனைச் சபிக்க வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. அப்பாவிடமும் அம்மாவிடமும் பேசப் பார்த்தேன். அதற்கும் நாக்கு எழவில்லை.

அந்த அறையை விட்டு வெளியே போ. கூட்டாளியைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, அந்த வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. நானாகக் கூப்பிடும்வரை நீ வராதே. கடிதமும் வேண்டாம்.

அக்கா