மூன்றாம் மாடிக் கதவு

மகனே,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கையும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், மனசு லேசாகிவிட்டது அம்மா என்று நீயே எழுதிவிட்டாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

உன் தங்கைக்கு இது ஐந்தாம் மாதம், வாந்தி நின்று இப்போதுதான் முகம் தெளிந்திருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அண்ணன் திருந்திட்டாம்மா என்று கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை அதற்கும் ஒரு படி மேலே போய், நீ வெளியே வந்ததும் நேராக அவருடைய சித்தப்பாவின் மோட்டார் கடைக்கு அனுப்பிவிடலாம், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது, புது ஊர், புது வாழ்க்கை என்று திட்டம் போட்டுவிட்டார். நீயும் சரி என்று சொல்லிவிட்டாயாமே, என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எதிர் வீட்டு ரேடியோ, ஊர்ச்செய்தி பரப்புவாளே அவள்தான், ஜன்னலில் தொங்கிக்கொண்டு, பையன்கிட்டருந்து லெட்டராக்கா என்று கேட்டாள், கரண்டு பில்லு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரம் மறுபடி படுத்துவிட்டது, ஈரப் போர்வைகளைக் கையால் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது, அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதற்குப் பாதிக் காரணம் வீக்கம், மீதி நீ.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், காதில் விழட்டும். அந்தக் குடியிருப்பில் லிஃப்டின் மூன்றாம் மாடிக் கதவில் பூட்டு கெட்டுப் போயிருந்தது, அதனால் லிஃப்ட் ஓடவில்லை. புதுப் பூட்டு வர நாளாகும், குடியிருப்பவர்கள் கத்தினார்கள், லிஃப்ட் ரிப்பேருக்குப் போன நீ ஒரு துண்டு ஒயரை வைத்துப் பூட்டின் இணைப்பைச் சேர்த்துவிட்டு ஓட விட்டாய். இனி லிஃப்ட் வந்து நிற்காமலே அந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்தேதான் செய்தாய். மறுநாள் போய்க் கழற்றலாம் என்று நினைத்தாய், கூட்டாளி கூப்பிட்டான் என்று ஊர் சுற்றப் போய்விட்டாய். மாடிகளைக் கழுவ வந்த பெண் அந்தக் கதவைத் திறந்து, வாளியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து உள்ளே காலை வைத்தாள், உள்ளே லிஃப்ட் இல்லை. அவள் அந்தக் கட்டடத்து வாட்ச்மேனின் மனைவி. நீ கோர்ட்டில் நின்று, நான் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன், வாட்ச்மேன்தான் மறுபடி எடுத்துப் போட்டார் என்றாய். நீதிபதி நம்பாமல் உன்னை உள்ளே தள்ளினார், ஆனால் தெரு நம்பியது, அந்த மனிதரை வேலைக்கு வைத்திருந்தவர்கள் நம்பினார்கள், எல்லோருக்கும் மேலாக நான் நம்பினேன். கோர்ட் வாசலில் அவரைப் பார்த்து, பொண்டாட்டியைக் கொன்னுட்டு என் பிள்ளை தலையில கட்டுறியே, நீயெல்லாம் மனுசனா என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

இப்போது, அத்தனையும் பொய் அம்மா, ஒயரைக் கழற்றவே இல்லை என்று எழுதுகிறாய். சிறையில் வாரா வாரம் பாடம் எடுக்க வருகிற வாத்தியாரிடம் முதலில் சொன்னாயாம், பிறகு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாயாம், எல்லோரும் கை தட்டினார்களாம். கை தட்டினார்களாமே! எதற்கடா தட்டினார்கள், நீ என்ன ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தாயா? அந்த வாத்தியார் நல்லவராகவே இருக்கட்டும், அவரை நான் குறை சொல்லவில்லை. ஒரு தம்ளரை உடைத்தால்கூடப் பூனை மேல் பழி போடுகிற பிள்ளை நீ, உன் வாயிலிருந்து இதை வரவழைத்தாரே, அதற்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம். எனக்கு அது சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதினாய் பார், எனக்காக நீங்க போய் அந்த வாட்ச்மேன்கிட்ட மன்னிப்பு கேட்டுடுங்கம்மா என்று. உனக்குச் சாப்பாடு சுமந்தேன், துணி சுமந்தேன், வக்கீல் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இதையும் நானேதான் சுமக்க வேண்டுமா?

இருந்தாலும் போனேன், பெற்ற வயிறு கேட்கவில்லை. அவர் இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நிற்கிறார். வீட்டுக்குத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் சுளிக்கவில்லை, நாற்காலியைத் தள்ளிப் போட்டார், அதுவே எனக்கு அறை வாங்கியது போல இருந்தது. நீ எழுதியதை உட்காராமலே சொல்லி முடித்தேன். அவர், நான் அதைப் போடலைன்னு எனக்குத்தான் தெரியுமேம்மா, எனக்கு எதுக்கு வந்து சொல்றீங்க என்றார். சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார், அங்கே அவர் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவகிட்ட சொல்லச் சொல்லுங்க உங்க பிள்ளைய, இத்தனை வருசத்துல அவ என்கிட்ட கேட்டதே இல்ல, நீ செஞ்சியாப்பா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டதே இல்ல, கேக்காமயே எனக்கு சாப்பாடு போடுறா என்றார். அந்த ஆளின் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

சமையலறைக்குப் போனேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண், நிமிர்ந்த பெண், சுவரில் படமாக இருந்த தாயின் முகம். அன்னைக்கு நான் கத்துனது பொய்ம்மா, உங்க அப்பா மேல ஒரு தப்பும் இல்ல என்றேன். அவள் குழாயை மூடவும் இல்லை, திரும்பவும் இல்லை. நானும் அங்கதான் நின்னேன் அன்னைக்கு, அதை உங்க பிள்ளைக்காகச் சொன்னீங்க, இதையும் உங்க பிள்ளைக்காகத்தான் சொல்றீங்களோ என்னவோ, எனக்கெப்படித் தெரியும் என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீ சொல்லு. சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்தேன்.

அதனால் கேட்டுக்கொள். உன் மனசு லேசானதென்றால் அந்தப் பாரம் காற்றிலா கரைந்தது? அந்த வீட்டில் அப்பா தட்டுக்கும் மகள் தட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. நீ கோர்ட்டுக்கு எழுதிப் போடு, வாத்தியாரிடம் சொல்லு, ஊரைக் கூட்டிச் சொல்லு, அதெல்லாம் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேராது. வெளியே வந்ததும் நீ மோட்டார் கடைக்குப் போக மாட்டாய். வீட்டுக்கும் வராதே. முதலில் அவள் முன்னால் போய் நில், அவள் அப்பாவும் கூட இருக்கும்போது, ஒயரைப் போட்டவன் நான், கழற்றாதவன் நான், உங்கள் அப்பா மேல் பொய் சொன்னவனும் நான் என்று சொல். வக்கீல் பெயரை இழுக்காதே, கூட்டாளி பெயரை இழுக்காதே. துடைப்பத்தால் அடித்தால் வாங்கிக்கொள். கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போ. யாரும் கை தட்ட மாட்டார்கள். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

அதன் பிறகு வீட்டுக்கு வா. உன் கட்டிலை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன், மெத்தை உறையும் மாற்றிவிட்டேன். இத்தனை திட்டியும் ஒரு நாள்கூட நீ வேண்டாம் என்று நினைத்ததில்லை, அதையும் தெரிந்துகொள். அங்கே இருக்கும் மிச்ச நாளில் யாரோடும் சண்டைக்குப் போகாதே, பல் வலிக்கு டாக்டரிடம் காட்டு, கிராம்பை வைத்துக்கொண்டு காலம் தள்ளாதே. நல்லபடியாக இரு, நல்லவனாக வெளியே வா.

ஒன்று மறந்துவிட்டேன். அவர்கள் இருப்பது மேல்மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, தகப்பனும் மகளும் அதில் ஏறுவதே இல்லையாம். நீயும் படியிலேயே ஏறிப் போ.

உன்னைப் பெற்றதற்கு இன்னும் வருத்தப்படாத,
அம்மா